சைலன்சர் வழியே இன்ஜினுக்குள் தண்ணீர் புகாமல் காப்பது எப்படி?

டிராக்டர், பவர் டில்லர், டீசல் பம்புசெட் வைத்திருக்கும் விவசாயிகளுக்கான மழைக்கால ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் விதை, உரம், வடிகால் வாய்க்கால் எல்லாவற்றையும் கவனிக்கிறோம். ஆனால் வயலில் நிற்கும் டீசல் இன்ஜினின் சைலன்சர் வாயை மூட மறந்துவிடுகிறோம். திறந்து கிடக்கும் அந்தக் குழாய் வழியாக மழைநீரோ வெள்ளநீரோ உள்ளே இறங்கினால், நல்ல நிலையில் இருந்த இன்ஜின் அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போதே உடைந்துபோகலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் டெல்டா பகுதிக் கிராமம் ஒன்றில் இதை நேரில் பார்த்தேன். நட்டு இருபது நாள் ஆன சம்பாப் பயிர் மூழ்கிக் கிடந்தது. தண்ணீரை இறைக்க டிராக்டரில் பம்பை இணைத்துத் தயாராக வைத்திருந்தார் அந்த விவசாயி. டிராக்டரின் மழை மூடி உடைந்துபோய் வெகுநாள் ஆகியிருந்தது. இரவு முழுவதும் கனமழை. காலையில் செல்ஃப் அடித்தபோது இன்ஜின் ஒருமுறை 'டக்' என்று நின்றது. பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து, வேறு பேட்டரி கொண்டுவந்து மீண்டும் அடித்தார். இன்ஜின் ஓடியது, ஆனால் உள்ளே தட்டும் சத்தத்தோடு ஓடியது. கழற்றிப் பார்த்தபோது ஒரு கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. வண்டி பழுது நீங்கி வருவதற்கு ஆறு நாள் ஆனது. அதற்குள் பயிர் அழுகிவிட்டது. முதல் 'டக்' சத்தத்தோடு நிறுத்தி, உள்ளே இருந்த தண்ணீரை எடுத்திருந்தால் அது அரை நாள் வேலை.

இந்த இழப்பு உங்களுக்கு வராமல் இருக்க, செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

கொஞ்சம் தண்ணீர் எப்படி இவ்வளவு பெரிய இன்ஜினை உடைக்கிறது?

டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டரில் உள்ள காற்றை ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. காற்று சுருங்கும். தண்ணீர் சுருங்காது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடத்தைவிடத் தண்ணீர் அதிகமாக இருந்தால் பிஸ்டன் அதில் முட்டி நிற்கும். சுழலும் பிளைவீலின் வேகமும் செல்ஃப் மோட்டாரின் விசையும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். சில நேரம் ஹெட் கேஸ்கட் கிழியும், பிஸ்டனும் உடையும்.

எவ்வளவு தண்ணீர் போதும் தெரியுமா? 80 மி.மீ. விட்டமும் 110 மி.மீ. ஓட்டமும் உள்ள சிறிய பம்புசெட் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் கொள்ளளவு சுமார் 550 மில்லி. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 35 மில்லி மட்டுமே. அதாவது அரை டம்ளர் டீகூட இல்லை.

5 செ.மீ. விட்டமுள்ள குழாய் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தால், ஒவ்வொரு 1 செ.மீ. மழைக்கும் சுமார் 20 மில்லி தண்ணீர் உள்ளே விழும். புயல் நாளில் 20 செ.மீ. மழை பெய்தால் 400 மில்லி வரை இறங்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்ததை நாம் அறிவோம். விழும் தண்ணீர் முழுவதும் சிலிண்டருக்குப் போய்விடாது. சைலன்சர் வயிற்றிலும் வளைவுகளிலும் ஒரு பகுதி தங்கிவிடும். ஆனாலும் ஆபத்துக்குத் தேவையான அளவு எவ்வளவு குறைவு என்பதைப் பாருங்கள்.

தண்ணீர் எந்தெந்த வழியில் வருகிறது?

மழை: மேல்நோக்கி நிற்கும் சைலன்சரில் மூடி இல்லாவிட்டால் நேராக உள்ளே விழும்.

வெள்ளம்: ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, பள்ளமான மோட்டார் கொட்டகை ஆகிய இடங்களில் உள்ள இன்ஜின்களில் தண்ணீர் மட்டம் சைலன்சர் வாய்க்கு மேலே ஏறினால் போதும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வரை புகையின் அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இன்ஜின் நின்றவுடன் அந்தத் தடை போய்விடும். சூடான சைலன்சர் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கும் புகை சுருங்கி, தண்ணீரை உறிஞ்சவும் செய்யும்.

வண்டி கழுவுதல்: அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கும் பம்பைச் சைலன்சர் வாயிலும் ஏர் கிளீனர் வாயிலும் காட்டுவது நாமே செய்யும் தவறு.

தவறான சரிவு: கொட்டகைச் சுவர் வழியாக வெளியே விட்ட புகைக்குழாய் இன்ஜின் பக்கம் சரிந்திருந்தால், வெளியே விழும் தண்ணீர் எல்லாம் உள்ளே ஓடிவரும்.

புகையில் உள்ள ஈரம்: 1 லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தினால், குளிர்ந்த சைலன்சருக்குள் அந்த ஆவி நீராகப் படிந்துவிடும். இது இன்ஜினை உடனே உடைக்காது. ஆனால் சைலன்சரையும் வால்வையும் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே ஓட்டினால் குறைந்தது 15 முதல் 20 நிமிடம், நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுங்கள்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

1. மழை மூடி போடுங்கள். மேல்நோக்கிய சைலன்சருக்கு, புகை தள்ளும்போது திறந்து, இன்ஜின் நின்றதும் தானே விழுந்து மூடும் இரும்பு மூடி டிராக்டர் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. குழாயின் வெளி விட்டத்தை அளந்துகொண்டு போய் வாங்குங்கள். ஏற்கெனவே மூடி இருந்தால், கரி பிடித்துத் திறந்தபடியே நிற்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். திறந்தபடி சிக்கிய மூடியால் பயன் இல்லை.

2. பம்புசெட் இன்ஜினுக்கு வளைவு வையுங்கள். சைலன்சர் முனையில் ஒரு வளைவுக் குழாயைப் பொருத்தி, அதன் வாய் பக்கவாட்டிலோ சற்றுக் கீழ்நோக்கியோ இருக்கும்படி செய்யுங்கள். குழாயின் விட்டம் சைலன்சர் வாயின் விட்டத்தைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் புகை தடைபட்டு இன்ஜின் சூடாகும், சக்தியும் குறையும்.

3. குழாயின் சரிவைப் பாருங்கள். சுவர் வழியாக வெளியே போகும் குழாய் இன்ஜினிலிருந்து வெளிப்பக்கம் நோக்கிச் சரிந்திருக்க வேண்டும்.

4. வடிதுளையைச் சுத்தம் செய்யுங்கள். பல சைலன்சர்களின் அடிப்பாகத்தில் சிறிய துளை ஒன்று இருக்கும். உள்ளே சேரும் நீர் சொட்டுச் சொட்டாக வெளியேற வைத்தது அது. கரியும் சேறும் அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள்.

5. இன்ஜின் இருக்கும் இடத்தை உயர்த்துங்கள். உங்கள் ஊரில் கடைசியாக வந்த பெரிய வெள்ளம் கொட்டகைச் சுவரில் எவ்வளவு உயரம் கறை வைத்துப் போனது என்று பாருங்கள். மேடை அதற்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் நீர் மட்டத்திலிருந்து பம்பு 6 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டால் உறிஞ்சும் திறன் வெகுவாகக் குறையும். அப்படிப்பட்ட இடத்தில் இன்ஜினைச் சக்கரம் வைத்த வண்டியில் பொருத்தி, வெள்ள எச்சரிக்கை வந்ததும் மேட்டுக்கு இழுத்து வருவதே நல்லது.

ஒரு எச்சரிக்கை: தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டது என்று டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத விஷவாயு. கிணற்றிலும் மூடிய கொட்டகையிலும் அது தங்கி ஆளைக் கொன்றுவிடும். புகைக்குழாய் எப்போதும் திறந்தவெளியில்தான் முடிய வேண்டும்.

இன்ஜினை நிறுத்தும்போது கவனிக்க வேண்டியவை

சைலன்சர் ஆறிய பிறகு மூடுங்கள். தலைகீழாகக் கவிழ்த்த பால் டின்னோ தகர டப்பாவோ போதும். காற்றில் பறக்காதபடி கம்பியால் கட்டுங்கள். சூடாக இருக்கும்போது பிளாஸ்டிக் பையைப் போட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். சாக்கைத் திணித்தால் அதுவே மழைநீரை உறிஞ்சி உள்ளே சொட்ட விடும்.

மூடியை எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்வதும் உண்டு. இதைத் தவிர்க்க ஒரு எளிய வழி: இன்ஜினைச் சுற்றும் ஹேண்டிலை, மூடிய டப்பாவோடு சேர்த்துச் சைலன்சரிலேயே கட்டி வையுங்கள். ஹேண்டிலை எடுக்கும்போது மூடியும் கையோடு வந்துவிடும். டிராக்டராக இருந்தால் சாவியோடு ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வையுங்கள்.

ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினுக்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. இதற்குச் செலவே இல்லை. இன்ஜினை நிறுத்திய பின், டீசல் லீவர் நிறுத்தும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். டீகம்ப்ரஷன் லீவரைக் கீழே விட்டுவிட்டு, பிளைவீலை அது ஓடும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் இறுக்கமாகத் தடுக்கும். அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அப்போது இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். சைலன்சருக்குள் தண்ணீர் வந்தாலும் சிலிண்டருக்குள் எளிதில் இறங்காது. டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கியபடியே விட்டுப்போகும் பழக்கம் பலருக்கு உண்டு. அது வால்வைத் திறந்தே வைத்திருக்கும். மழைக்காலத்தில் அப்படி விடாதீர்கள்.

இரண்டு, மூன்று, நான்கு சிலிண்டர் உள்ள டிராக்டரில் இந்த முறை உதவாது. ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்திருக்க வாய்ப்பு அதிகம். அங்கே மூடி மட்டுமே பாதுகாப்பு.

தண்ணீரைக் கடக்கும்போது

ஓடும் வெள்ளத்தில் டிராக்டரை இறக்கவே இறக்காதீர்கள். வண்டியின் எடையை நம்ப வேண்டாம். தரை அரித்திருந்தால் கவிழ்ந்துவிடும். தேங்கிய தண்ணீரில் போக நேர்ந்தால் முதலில் கம்பு விட்டு ஆழம் பாருங்கள். பவர் டில்லரிலும், சைலன்சர் கீழ்நோக்கி இருக்கும் டிராக்டரிலும் தண்ணீர் சைலன்சர் வாயைத் தொடும் ஆழம் என்றால் திரும்பிவிடுங்கள். உள்ளே இறங்கிய பின் சிறிய கியரில், ஒரே சீரான ஆக்ஸிலேட்டரில் போங்கள். நடுவில் கியர் மாற்றாதீர்கள், கிளட்ச் மிதித்து நிற்காதீர்கள். இன்ஜின் நடுத்தண்ணீரில் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயலாமல், வேறு வண்டியால் இழுத்துக் கரை சேருங்கள். இழுக்கும்போது கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். கியரில் வைத்து இழுத்தால் சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடும்.

தண்ணீர் புகுந்துவிட்டதா? இந்த அடையாளங்களைப் பாருங்கள்

• ஹேண்டில் போட்டாலோ செல்ஃப் அடித்தாலோ ஓரிடத்தில் 'டக்' என்று முட்டி நிற்கிறது.
• சைலன்சரை அசைத்தால் தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்கிறது, அல்லது இணைப்பில் தண்ணீர் கசிகிறது.
• ஆயில் கம்பியில் மட்டம் வழக்கத்தைவிட உயர்ந்திருக்கிறது.
• ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறது.
• ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஆயிலுக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். வெள்ளத்தில் மூழ்கிய இன்ஜின் என்றால் எந்த அடையாளமும் தெரியாவிட்டாலும் தண்ணீர் புகுந்ததாகவே கருதுங்கள். "ஒரு தடவை அடித்துப் பார்ப்போம்" என்பதுதான் இன்ஜினை உடைக்கிறது. தள்ளியோ இழுத்தோ ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம்.

தண்ணீரை எடுக்கும் முறை

ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினில் இவற்றை அனுபவமுள்ள விவசாயி தாமே செய்யலாம். டிராக்டர் என்றால் மெக்கானிக்கை அழையுங்கள். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்பதை நீங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1. பேட்டரி இருந்தால் முதலில் அதன் இணைப்பைக் கழற்றுங்கள். டீசல் லீவரை நிறுத்தும் நிலையில் வையுங்கள்.

2. சைலன்சரைக் கழற்றிக் கவிழ்த்து, உள்ளே உள்ள தண்ணீரை முழுவதும் வடியுங்கள். இதைச் செய்யாமல் மற்றவற்றைச் செய்தால் மிஞ்சிய தண்ணீர் மறுபடியும் உள்ளே வரும்.

3. ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். ஆயில் கிண்ணம் உள்ளது என்றால் டீசலில் கழுவிப் புது ஆயில் ஊற்றுங்கள். காகித பில்டர் நனைந்திருந்தால் புதிது போடுங்கள்.

4. நாசிலைக் கழற்றுங்கள். பல சிலிண்டர் இன்ஜினில் எல்லா நாசில்களையும் கழற்ற வேண்டும்.

5. பிளைவீலைக் கையால் மெதுவாகப் பல சுற்றுகள் சுற்றுங்கள். நாசில் துளை வழியே தண்ணீர் பீறிட்டு வரும். முகத்தை அதன் நேரே வைக்காதீர்கள். டீசல் அழுத்தக்குழாய் முனையில் கை வைக்காதீர்கள். அங்கே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். தண்ணீர் வருவது நின்ற பிறகு இன்னும் சில சுற்று சுற்றுங்கள்.

6. நாசில் துளை வழியே ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தேக்கரண்டி புது இன்ஜின் ஆயில் விட்டு, மறுபடியும் கையால் சுற்றுங்கள். இது சிலிண்டர் சுவரில் துருப்பிடிக்காமல் காக்கும். அதிகம் ஊற்றாதீர்கள். ஆயிலும் தண்ணீரைப் போலச் சுருங்காத பொருள்தான்.

7. அடியில் உள்ள ஆயிலை வடியுங்கள். இன்ஜினைச் சில மணி நேரம் அசைக்காமல் வைத்திருந்தால், ஆயிலோடு கலக்காத தண்ணீர் கீழே தங்கி, போல்ட்டைத் திறந்ததும் முதலில் வரும். ஆயில் பில்டர் இருந்தால் மாற்றி, புது ஆயிலைக் கையேட்டில் சொன்ன அளவு ஊற்றுங்கள்.

8. டீசல் டேங்கின் அடியில் நிற்கும் தண்ணீரை வடித்து, பில்டரைச் சுத்தம் செய்து, குழாயில் உள்ள காற்றை நீக்குங்கள்.

9. நாசிலின் அடியில் புது செம்பு வாஷர் வைத்துப் பொருத்துங்கள். சைலன்சரையும் மாட்டுங்கள். இப்போது டீசல் கொடுக்காமல் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கும் முட்டாமல் சுற்றினால்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

10. ஸ்டார்ட் ஆனதும் லோடு இல்லாமல் 15 நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். முதலில் வரும் வெள்ளைப்புகை சைலன்சரில் மிஞ்சிய ஈரம். சூடேறியதும் அது நின்றுவிட வேண்டும். பிறகு நிறுத்தி ஆயில் நிறத்தைப் பாருங்கள். மறுபடியும் வெளுத்திருந்தால் அந்த ஆயிலையும் மாற்றுங்கள். ஆயில் செலவைப் பார்க்க வேண்டாம். வெளுத்த ஆயிலில் ஓடினால் பேரிங் போய்விடும்.

இவ்வளவையும் கூடிய வரை தண்ணீர் புகுந்த அன்றே செய்யுங்கள். நாள் கடந்தால் துரு ஏறி பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். உப்பங்கழி, கடல் நீர் புகுந்த இன்ஜினில் துரு இன்னும் வேகமாக ஏறும். அதன் வெளிப்பாகங்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகே கழற்றத் தொடங்குங்கள்.

எப்போது மெக்கானிக் அவசியம்?

தண்ணீரை எடுத்த பிறகும் பிளைவீல் சுற்றவில்லை என்றால் கடப்பாரை கொண்டு நெம்பாதீர்கள். நாசில் துளையில் சிறிது ஆயிலும் டீசலும் கலந்து விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். அப்போதும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். இன்ஜின் ஓடுகிறது, ஆனால் தட்டும் சத்தம் கேட்கிறது, கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது, கரும்புகை தள்ளுகிறது என்றால் ராடு வளைந்திருக்கலாம். தொடர்ந்து ஓட்டினால் ராடு உடைந்து இன்ஜின் பாடியையே துளைத்துவிடும். சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், தண்ணீர் வந்த வழி சைலன்சர் இல்லை. ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிராக்டருக்கு முழுக் காப்பீடு இருந்தால், வண்டியை நகர்த்துவதற்கு முன் தண்ணீர் மட்டம் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்கு இழப்பீடு தரப் பெரும்பாலும் மறுப்பார்கள்.

படகு இன்ஜின் வைத்திருப்போருக்கு

கடலோரக் கிராமங்களில் விவசாயத்தோடு படகுத் தொழிலும் செய்வோர் உண்டு. படகுக்குள் பொருத்தும் சில இன்ஜின்களில் கடல் நீரைப் புகைக்குழாயிலேயே விட்டுக் குளிர்விப்பார்கள். அப்படிப்பட்ட இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் பலமுறை செல்ஃப் அடித்தால், தண்ணீர் பம்பு மட்டும் வேலை செய்து சைலன்சரை நிரப்பிவிடும். தள்ளுவதற்குப் புகை இல்லாததால் அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குத் திரும்பும். எனவே இரண்டு மூன்று முறைக்குள் ஸ்டார்ட் ஆகாவிட்டால் கடல் நீர் வால்வை மூடி, சைலன்சர் நீரை வடித்துவிட்டு, ஸ்டார்ட் ஆகாததன் காரணத்தைத் தேடுங்கள். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அந்த வால்வை உடனே திறக்க மறக்காதீர்கள். கரையில் நிறுத்தும்போது, அலை பின்பக்கம் மோதிப் புகைக்குழாய்க்குள் ஏறாதபடி குழாய் வாயை மூடுங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

• மழைக்கு முன் மூடி, வளைவு, சரிவு, வடிதுளை நான்கையும் பாருங்கள்.
• இன்ஜின் ஆறியதும் சைலன்சரை மூடுங்கள். ஒற்றைச் சிலிண்டர் என்றால் இறுகும் இடத்தில் நிறுத்துங்கள்.
• மழைக்குப் பிறகு முதல் ஸ்டார்ட்டுக்கு முன், டீசல் கொடுக்காமல் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள்.
• முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். தண்ணீரை எடுத்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

மேலும் விவரங்களுக்கு உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தமிழிலேயே கேட்கலாம்.

பயிர் மூழ்கிக் கிடக்கும் நாளில்தான் இன்ஜின் நமக்கு மிகவும் தேவைப்படுகிறது. அன்று அது தயாராக இருக்க வேண்டும் என்றால், இன்று மாலையே வயலுக்குப் போய் சைலன்சர் வாயைப் பார்த்துவிட்டு வாருங்கள்.